லாபம் சொன்ன குரல்

போன வாரம் குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினேன். சாரல் சற்று விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். பேரருவிக்குப் போகிற சாலையில் பதினான்கு பழக்கடைகள். பதின்மூன்றில் மின்தராசு வைத்திருக்கிறார்கள். பதினான்காவதில் ஒரு கிழவர் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பழம் கேட்டேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிப் பையில் போட்டார். பின்னால் நின்ற அவர் மகன், "ஏம்ப்பா, ஒண்ணுன்னு சொன்னா வாய் சுட்டுருமா?" என்றான். கிழவர் நிமிரவில்லை. எனக்குத்தான் பின்கழுத்தில் ஈரக் கையை வைத்தது போலிருந்தது.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நெல் அளந்தாலும் தேங்காய் எண்ணினாலும் எங்கள் பக்கத்து வியாபாரிகள் முதல் எண்ணை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒன்றுக்குப் பதில் லாபம். அதன்பின் இரண்டு, மூன்று. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எண்ணுவது என் தொழில் மட்டுமல்ல, வியாதியும்கூட. படி, தூண், தந்திக்கம்பம், பந்தியில் இலை எதையும் விட்டதில்லை. இப்போது எண்பத்து நாலு வயதில் மாத்திரைகளையும் சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் லாபம் என்ற எண்ணை அந்தக் காலத்தில் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மைதீன் என்று எனக்கொரு சிநேகிதன். தென்காசியில் அவன் வாப்பாவுக்குத் தேங்காய்க் கடை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எனக்குக் 'கணக்கு' என்று பெயர் வைத்தவன் அவன்தான். ஐம்பத்தைந்தில் அவனைக் கொழும்பில் இருந்த மாமா தன் கடைக்குக் கூப்பிட்டார். கொண்டுபோய் விடுகிற சாக்கில் நானும் போய்ப் பத்து நாள் சுற்றிவிட்டு வருவது என்று திட்டம். அவனுக்குப் பாஸ்போர்ட் வந்தது. என் விண்ணப்பம் திரும்பி வந்தது. அங்க அடையாளம் இரண்டு எழுதச் சொன்ன கட்டத்துக்குள் நான் ஒன்பது மச்சங்களையும் இடம் குறித்து எழுதி, இடம் போதாமல் தனித்தாள் இணைத்திருந்தேன்.

மைதீன் சிரித்துச் சிரித்துத் தேங்காய்க் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒன் மச்சம் தெரிஞ்சு அரசாங்கத்துக்கு என்னலே ஆவப் போவுது? சரி விடு. கொழும்பு இல்லாட்டி என்ன, செங்கோட்டை தாண்டுனா வெளிநாடுதான?"

அது பாதி கேலி, பாதி நிஜம். ராஜா ஆட்சி போனபிறகும் செங்கோட்டையும் அதற்கு மேற்கேயும் எங்கள் ஆட்களுக்கு ராஜா நாடுதான். ஊர் வாசலில் சங்கு முத்திரை போட்ட வளைவு. அதற்குள் நுழைந்தால் பேச்சு மாறும், சாப்பாடு மாறும். ஆளுக்கொரு வேட்டி, துண்டோடு, மைதீன் கப்பலேறுவதற்கு எட்டு நாள் முன்னால், ஆனி மாதத்தில் தென்மலைக்கு ரயிலேறினோம். எங்கள் வெளிநாட்டுப் பயணம் இரண்டு பகல், ஓர் இரவு. தங்கியது தேங்காய்க் கடைக்குத் தெரிந்த ஒருவரின் மரம் அடுக்கிவைக்கிற கிட்டங்கியில்.

பகவதிபுரம் தாண்டினால் பெரிய குகை. மலையைக் குடைந்து ரயில் போகிறது. பகலில் பெட்டிக்குள் விளக்குப் போட மாட்டார்கள். குகை நெருங்கியதும் கரிப்புகைக்குப் பயந்து எல்லோரும் பலகை ஜன்னல்களை இறக்கினார்கள். இருட்டு என்றால், கையை மூக்குக்கு முன்னால் ஆட்டியும் தெரியாத இருட்டு. சுவரிலிருந்து தண்ணீர் கூரைமேல் சொட்டுகிற சத்தம். ஈரக்கல்லும் கரியும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் நனைந்த அடுப்பை முகர்ந்தால் நான் அந்தக் குகைக்குள் இருப்பேன்.

நான் மைதீன் கையைப் பிடித்துவிட்டேன். "கணக்கு பயப்படுதான்" என்று அவன் பெட்டிக்கே அறிவித்தான். "சரி, ஆள் எல்லாரும் இருக்காவளான்னு எண்ணிருவோம். வரிசையாச் சொல்லுங்க. லாபம்."

எங்கள் தடுப்பில் ஏழு பேர். மைதீனுக்கு அடுத்து ஒரு மலையாளக்காரர். "ஒந்நு" என்றார் அவர். நான் ரெண்டு. அப்படியே போய்க் கடைசிக் குரல் "ஆறு" என்று நின்றது. ஏழு என்ற எண் வரவில்லை. ஒருவர் குறைந்த பெட்டியில், குறைந்தவர் யார் என்று தெரியாமல், வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்ததும் ஏழு பேரும் இருந்தார்கள். நான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மலையாளக்காரருக்கு லாபம் ஓர் எண் என்று தெரியாது. "லாபமோ? அதெந்தா?" என்றார். மைதீன் இன்னும் தொடங்கவில்லை, சும்மா பேசுகிறான் என்று நினைத்துத் தன்னிடமிருந்து தொடங்கியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் கணக்கில் விடுபட்டவன் மைதீன் என்று தோன்றியது. எட்டு நாளில் கடல் தாண்டப் போகிறவன்.

தென்மலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். கப்பக்கிழங்கும் மீனும் அவன் சாப்பிட, நான் கிழங்கு மட்டும். பதின்மூன்று கண் பாலத்தை மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் பதின்மூன்று. அது ஒரு நிம்மதி. ஆனால் குகைக் கணக்கு மனசைவிட்டுப் போகவில்லை. மறுநாள் திரும்புகிற ரயிலில், ஆரியங்காவு வந்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"இந்தத் தடவை சரியா எண்ணணும். ஒண்ணுன்னே ஆரம்பி."

"போலே. கல்லாப்பெட்டியில உக்காந்தவன் வாயில அந்தச் சொல்லு வருமா? ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒத்தையாப் போயிரும்னு வாப்பா வைவாரு."

"வாப்பாவா இங்கன இருக்காவ? மனுஷன எண்ணும்போது என்ன லாபம், நட்டம்? நாம என்ன தேங்காயா?"

எதிரே இலஞ்சிக்காரப் பெண்கள் மூன்று பேர், கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். மூத்தவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ரெண்டு பயலும் ஒரு எண்ணுக்கு இந்தச் சண்ட போடுதியளே, பொண்ணு கெட்டினா என்ன பண்ணுவிய?" என்றாள். மைதீன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீ கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவனா? சொல்லித் தொலைக்கேன்."

ஐந்து பேர். எனக்கு இடப்பக்கம் மைதீன். வலப்பக்கம் ஜன்னலோர மூலை காலி. அடுத்த தடுப்பில் யாருமில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பலகைகளை இறக்கினோம். குகை எங்களை வாங்கிக்கொண்டது. மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு" என்றான்.

நான், "ரெண்டு." பெண்கள் மூன்று பேரும், "மூணு", "நாலு", "அஞ்சு." கணக்கு சரி. நான் பெருமூச்சு விடப் போனேன்.

அப்போது என் வலப்பக்கத்து மூலையிலிருந்து, மெதுவாக, ஆண் குரலில் ஒருவர் சொன்னார்: "லாபம்."

மைதீன் கை என் கைக்குள் குளிர்ந்துபோனது. அதன்பின் கூரையில் விழுந்த சொட்டுகளை எண்ணினேன். நாற்பத்தெட்டாவது சொட்டில் வெளிச்சம் வந்தது. மூலை காலியாகத்தான் இருந்தது. பலகையின் உட்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது. அது குகைத்தண்ணீராக இருக்கலாம். மூத்த பெண் எங்களைக் கேலி செய்யவில்லை. செங்கோட்டை வந்ததும் மூன்று பேரும் வேறு தடுப்புக்கு மாறிப் போனார்கள்.

தென்காசியில் இறங்கி, கரியைக் கழுவக் குற்றாலத்துக்கு பஸ் பிடித்தோம். வழியில் அவன் கேட்டான். "நீதான சொன்ன?"

"இல்ல. நீ சொல்லலியா?"

"ஒன் கை என் கையப் பிடிச்சிருந்துதுலே. நான் எப்படி அங்கன போய்ச் சொல்ல?"

பேரருவிக்குள் நின்றோம். தண்ணீர் தலையில் இடிக்கும்போது பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். வெளியே இழுத்து வந்து, என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எட்டாம் நாள் தென்காசி ஸ்டேஷனில் வழியனுப்பினேன். "வாறேன்" என்றான், முறைப்படி. மூன்று தடவை சொன்னான். மூன்றும் என் காதில் இருக்கிறது.

ஒன்பது வருஷம் அவன் வரவில்லை. மூன்று தடவை வருவதாக எழுதினான். மூன்று தடவையும் விசா, மாமாவின் உடம்பு, கடைத் தகராறு என்று ஏதாவது வந்து நின்றது. நான் எழுதிய கடிதங்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: அன்று லாபம் சொன்னது நீதானே? அவன் அதற்கு மட்டும் பதில் எழுத மாட்டான். என் பயம் அவனுக்குத் தெரியும். அவன் வராமலிருப்பது நான் சொல்லவைத்த அந்தச் சொல்லால்தான் என்று நான் நம்ப ஆரம்பித்திருந்தேன். கணக்கு வாத்தியார் நம்பக்கூடாத விஷயம்தான்.

அறுபத்து நாலு ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. "மார்கழில வாறேன். டிக்கெட் எடுத்தாச்சு. அன்னைக்குக் குகைக்குள்ள சொன்னது நான்தாம்லே. ஒன்னப் பயங்காட்டத்தான் குரல மாத்திச் சொன்னேன். இனிமே இதைக் கேட்டு எழுதாத. நிம்மதியாத் தூங்கு."

அவன் இருந்தது என் இடப்பக்கம். குரல் வந்தது வலப்பக்கம். என் காதுகள் இரண்டும் இன்றுவரை பழுதில்லை. இருந்தாலும் அன்றிரவு நான் தூங்கினேன். ஒரு பொய் எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த மார்கழியில்தான் புயல் வந்து, இலங்கைக் கப்பல் வந்தடைகிற தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. கொழும்புக் கடையில் விசாரித்தபோது, மைதீன் இரண்டு நாள் முன்பே பெட்டியோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கப்பலில் ஏறினான், இந்தப் பக்கம் இறங்கினானா, தெரியவில்லை. அவன் வாப்பாவும் நானும் மண்டபம்வரை போய்க் கேட்டோம். செத்தவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்ட பதினேழு பேரும் பதினேழு கணக்குச் சொன்னார்கள். திரும்பி வரும்போது வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க வெளிநாடு போனியளே, அங்கன நல்லாச் சிரிச்சானா?" சிரித்தான் என்றேன். ஒண்ணு என்று சொல்லவைத்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் மௌத்தாகும்வரை சொல்லவில்லை.

தேங்காய்க் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மீட்டர் பாதையைப் பிடுங்கி அகலப்பாதை போட்டபிறகு ஒரு தடவை தென்மலைவரை போய் வந்தேன். பலகை ஜன்னல் இல்லை. குகைக்குள்ளும் பெட்டி பளிச்சென்று இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் யார் வந்து குரல் கொடுப்பார்கள். நான் மனசுக்குள் தலைகளை எண்ணினேன், லாபம் என்று ஆரம்பித்து. ஜன்னலோர இடத்தை யாரோ கேட்டதற்கு, ஆள் வருது என்று சொல்லிவிட்டேன்.

மங்குஸ்தான் பையை அப்படியே சமையலறையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் ஆயுளில் நான் எண்ணாமல் விட்டது இது ஒன்றுதான். பார்த்தீர்களா, அந்தச் சொல்லை எழுதிவிட்டேன்.