நேரம் கடந்து பார்த்த கோடு

ஆஸ்டின் டவுனில் தனியாக வசிக்கிறேன். விடுமுறைக்குச் சென்னை வந்திருந்த மகள், துபாய் திரும்பும் முன், நான் இன்னும் பார்க்காத பேத்தியுடன் இரண்டு நாள் என் வீட்டுக்கு வருவதாக இருந்தது. முந்தைய நாள் எனக்கு இருமல். கோவிட் கிட் வாங்கிச் சோதித்தேன். காலை 9.10க்குச் சொட்டு விட்டேன், 9.25க்கு ஒரே கோடு. தொற்று இல்லை என்று டைரியில் குறித்தேன்.

எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது என் வழக்கம். மதியம் மறுபடி பார்த்தபோது மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தது. இரண்டு கோடு என்றால் தொற்று. பதறிப்போய் மகளுக்குப் போன் செய்தேன்.

"நெஜமாவாப்பா? பாப்பாவ வெச்சிக்கிட்டு எப்படிப்பா வர்றது?"

"வேணாம்மா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

மறுநாள் லேபில் ஆர்டிபிசிஆர் சோதனைக்கு மாதிரி கொடுத்தேன். மகள் துபாய் விமானம் ஏறிய பிறகுதான் ரிசல்ட் வந்தது: தொற்று இல்லை. ரிசல்ட் வாங்கப் போனபோது, பையில் வைத்திருந்த கிட்டை லேப் பெண்ணிடம் காட்டினேன்.

"இத இன்னும் தூக்கிப் போடலையா சார்? டைம் தாண்டி காஞ்சுபோனா சும்மாவே கோடு வரும். அதெல்லாம் கணக்கே இல்ல."

கிட்டுடன் வந்த தாளின் பின்பக்கத்திலும் அதுவே இருந்தது. எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்கிற நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது குறித்த நேரத்தில் பார்த்ததும் கிட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் அன்றே லேபுக்குப் போகிறேன். மகளுக்கு அடுத்த விடுமுறை ஒரு வருடம் கழித்துத்தான். அதற்குள் குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும்.