பிற்பாட்டுக் கொறற்றி

ஜெர்மனியின் வுப்பர்டாலில் இராயப்புவைத் தெரியாத தமிழர் இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயில் கூத்தில் எட்டு வருடமாக அவர்தான் சேனாதிபதி. வேதத்தில் வருகிற, குஷ்டம் பிடித்த அந்தச் சிரியா நாட்டுச் சேனாதிபதி. அவருடைய மனைவி, எனக்குத் தங்கை முறையான கொறற்றியைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். கூத்திலும் சேனாதிபதியின் மனைவி அவள்தான். வேதத்தில் பெயர்கூட இல்லாத அந்தப் பெண்ணுக்கு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரே ஒரு பாட்டுக் கொடுத்திருந்தார்: தீர்க்கதரிசியிடம் போய்க் குணமாகச் சொல்லிப் புருசனைக் கெஞ்சுகிற பாட்டு. மற்ற நேரமெல்லாம் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடுவாள்.

ஆடுபவர் ஓர் அடியைப் பாடியதும் பின்னால் நிற்பவர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டும். 2004 தவக்காலத்தில் இராயப்புவின் குரல் கம்மத் தொடங்கியது. குளிர் என்றார். கொறற்றி அடி முடியும்வரை காத்திராமல் பாதியிலேயே குரலைத் தூக்கிக் கொடுத்தாள். புருசனின் மானம் போகக் கூடாதாம். மத்தளம் அடித்த எனக்கே ஒன்றும் தெரியவில்லை. சனம் எழும்பி நின்று கைதட்டியது. அவளை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. என்னை நினைத்தால் அதைவிடக் கூட.

அடுத்த தவக்காலத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. துப்பினால் இரத்தம். கொறற்றி மூன்று தடவை டொக்டரைப் பார்க்க நாள் குறித்து டேர்மின் எடுத்தாள். ஒன்றுக்கும் அவர் போகவில்லை.

ஒத்திகையில் அவளுடைய பாட்டு வந்தது. அவள் பாடவில்லை, அழுதாள்.

"கும்பிட்டுக் கேக்கிறன், டொக்டரிட்ட வாங்கோ."

"கூத்தைக் குழப்பாதை," என்று அவர் தன் அடியைத் தொடங்கினார்.

கொறற்றி வாயை இறுக மூடிக்கொண்டாள். முதல் தடவையாக அவருடைய குரலை மட்டும் கேட்டோம். வெறும் காற்றுத்தான் வந்தது. அண்ணாவியார் தாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் நானே அவர்களைக் காரில் ஏற்றிப் போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார்.

"ரெண்டு கிழமை எண்டு சொல்லு," என்றார் இராயப்பு அவளிடம் தமிழில்.

கொறற்றி ஒரு வருடம் என்று ஜெர்மனில் சொன்னாள்.

அப்போதே வந்திருந்தால் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்திருக்கலாம், இனி முடியாது என்றார் டொக்டர். பிறகு அவளைப் பார்த்தார். "ஒரு வருடமாகக் குரல் கம்மியது ஒருவருக்குமே கேட்கவில்லையா?"

"எனக்குக் கேட்டது," என்றாள் கொறற்றி. "மற்றவர்களுக்குக் கேட்காமல் செய்ததும் நான்தான்."

அந்தளவு ஜெர்மன் இராயப்புவுக்கும் விளங்கும்.