கிணற்றுக்குள் பழகிய மலையேற்றம்

கோப்பாயில் ஏறுவதற்கு மலை இல்லை. மேடு என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. ஆகவே நான் மலையேறப் பழகியது கிணற்றுக்குள்.

எல்லாம் ஒரு தோல்வியால் வந்த வினை. போன வருடம் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள் சேர்ந்து, மாத்தளைப் பக்கம் ஒரு மலையில் இரண்டு நாள் கூடாரமடித்துத் தங்கினோம். அங்கே இடுப்பில் கயிறு கட்டிப் பாறை ஏற விட்டார்கள். நான் பாதியில் கை கால் விறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கத்தி, கடைசியில் மூட்டை மாதிரி இறக்கப்பட்டேன். யாரும் கேலி செய்யவில்லை. “உங்கடை வயசுக்கு இவ்வளவு ஏறினதே பெரிய காரியம், ரீச்சர்” என்றார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த ஆறுதலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே பாறையின் உச்சியில் ஒரு தடவையாவது நிற்காமல் விடுவதில்லை என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் பாவிக்காத கிணறு ஒன்று கிடந்தது. சுண்ணாம்புக்கல்லைக் கொத்தி இறக்கியது, காலை நீட்டினால் எதிர்ச்சுவரில் முட்டும் ஒடுக்கம். கை வைக்கும் இடமெல்லாம் பொந்து. கோடையில் அடியில் முழங்காலளவுதான் தண்ணீர். என் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கப்பித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி என் கணவர் மேலே நின்று பிடித்தார்.

“உமக்கென்ன விசரே? விழுந்தீரெண்டா சனம் என்னைத்தான் கேக்கும்.”

“கயித்தை இறுக்கிப் பிடியுங்கோ. கதை பிறகு.”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இறங்கி ஏறினேன். களைத்தால் முதுகை ஒரு சுவரில் சாய்த்து, காலை மறுசுவரில் உதைந்து இளைப்பாறுவேன். சில மாதங்களில் விறுவிறென்று ஏற வந்துவிட்டது. கூடவே கர்வமும் வந்தது.

இந்த வருடம் அதே மலைக்கு அவரும் கூட வந்தார். கொண்டுவந்த சறம், சால்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கூடாரத்துக்குள் குளிரைத் திட்டித் தீர்த்தார். விடிந்ததும் பாறையடிக்குப் போனோம். கீழே நின்று என் கயிற்றைப் பிடித்தவள் ஒரு மலைநாட்டுப் பெண், எங்கள் வழிகாட்டி. பாறை ஏறுவதற்கென்றே செய்த சப்பாத்து ஒரு சோடியை அவளே என் காலில் மாட்டிவிட்டாள்.

இரண்டு ஆள் உயரம் ஏறியதும் களைத்தது. பழக்கதோஷம், முதுகைப் பின்னால் சாய்த்தேன். கிணறென்றால் அங்கே சுவர் இருந்திருக்கும். இங்கே மாத்தளை முழுவதும்தான் இருந்தது. கால் வழுக்கிக் கயிற்றில் தொங்கினேன்.

“அக்கா, இறக்கிடவா?” என்று அவள் கேட்டாள்.

“இறக்காதேங்கோ!” என்று கத்தினேன்.

“அப்ப கையால இழுக்காதீங்க. கால்ல நில்லுங்க. அந்தச் சப்பாத்து வழுக்காது.”

அந்தப் பாறையில் ஒரு பொந்து கிடையாது, தேய்த்துவிட்டது போல வழவழவென்றிருந்தது. கிணற்றில் பழகியதை எல்லாம் மறந்து, குழந்தை நடை பழகுவது போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தேன். எவ்வளவு நேரம் பிடித்ததோ தெரியாது. கை தட்டையான இடத்தைத் தொட்டது. எழுந்து நின்றேன். அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

“ஏறீட்டன்! இஞ்சை பாருங்கோ!”

கீழே அவர் பாறைக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். திரும்பாமலே கேட்டார்: “மேலையோ, கீழையோ?”

“மேலை!”

அப்போதும் திரும்பவில்லை. என்னை இறக்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“நான் ஒண்டும் காணேல்லை. கிணத்துக்குள்ளை எண்டா கயிறு என்ரை கையிலை. இஞ்சை ஆரோ பிடிக்க, நான் என்னெண்டு பாக்கிறது?”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு வருடப் பாடு, கூட வந்த என் வீட்டு மனிதர் பார்க்கவேயில்லை. விரல் நுனிகள் உரிந்து எரிந்தன. தேநீரைக் குடித்து முடித்து, அந்தப் பெண்ணிடம் கயிற்றை மறுபடி கட்டச் சொன்னேன்.

“இன்னொருக்கா ஏறப்போறன். கண்ணை மூடினீங்களோ, மூண்டாந்தரமும் ஏறுவன்.”

“ஐயோ வேண்டாம், பாக்கிறன்” என்றார். பார்த்தார். நான் உச்சிக்கு வரும் வரைக்கும், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்தபடியே நின்றார்.