கால்சட்டை மடிப்பில் ஈயம்

மறுநாள் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய கால்சட்டையைத் துவைத்து, கொடியில் போட உதறினாள் தையல்காரரின் மனைவி. கால்முனை சுழன்று வந்து அவள் முழங்கையில் நச்சென்று இடித்தது. துணி அடித்து வலித்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மடிப்பைத் தடவிப் பார்த்தாள். திரைச்சீலை காற்றில் பறக்காமலிருக்க அடியில் வைத்துத் தைக்கும் ஈயக் கட்டிகள், வரிசையாக உள்ளே உட்கார்ந்திருந்தன. திருட்டு வேலையிலும் மனுஷர் ஒரு நூல் பிசகவில்லை.

அளவெடுக்கும்போது யார் இடுப்பு பெருத்திருந்தாலும் வாயே திறக்காதவர் அவர். இரண்டு விரல் கூடுதலாக விட்டுத் தைத்து, "துணி சுருங்கும்" என்று சொல்லி அவர்கள் மானத்தைக் காப்பாற்றிவிடுவார். இரைப்பையில் புற்றுநோய் வந்து, பாதியை வெட்டியெடுத்துக் கீமோ தொடங்கியபின், சுருங்கியது அவர்தான். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவதுபோல இருக்கிறதாம். ஒரே மூச்சில் சாப்பிடவும் முடியாது. பாலும் வாழைப்பழமும் புரதப் பொடியும் சேர்த்து அடித்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவாள். அவர் அதற்கு வைத்த பெயர் சிமென்ட். பாதி டம்ளர் ஜன்னலோரச் செடிக்குப் போகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். வீட்டில் புஷ்டியாக இருந்தது அது ஒன்றுதான்.

"இன்னும் எடை குறைஞ்சா அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், ஐயா" என்றிருந்தாள் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகப் பெண். போன வாரம் பார்த்தால், எடை கூடியிருந்தது! எல்லாம் தன் கைப்பக்குவம்தான் என்று இவள் பக்கத்து வீடு வரைக்கும் சொல்லியாயிற்று.

ஈரக் கால்சட்டையோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க, நான் மாங்கு மாங்குன்னு அடிச்சுக் கொடுக்கறதெல்லாம் உங்க கால்லயா போய்ச் சேருது?"

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். மறைக்க வழியில்லை.

"காத்தடிச்சா பறந்துடுவேனோன்னு வெச்சேன்."

"பறங்க, வேண்டாங்கல. மருந்தை உங்க எடையும் உயரமும் பார்த்துத்தானே அளக்கறாங்க? நாளைக்கு ஈயத்துக்கும் சேர்த்து ஏத்திடுவாங்க. தப்பளவு எடுத்துத் துணி வெட்டலாமா? இதையும் உங்களுக்கு நான்தான் சொல்லணுமா?"

அவர் ஈரக் கால்சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடை இறங்கினது தெரிஞ்சாத்தான் அந்தப் பொண்ணு வேற வழி பார்ப்பா. சத்துப் பாலை மாத்துவா, இல்ல குழாய் வெச்சாவது உள்ள இறக்குவா. இப்ப பாவம், உங்க கால்சட்டைக்கு வைத்தியம் பார்த்துட்டிருக்கா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சின்னக் கத்தரியை எடுத்துத் தன் தையலைத் தானே பிரித்தார். கட்டிகள் ஒவ்வொன்றாக மேஜையில் விழுந்தன.

"நாளைக்கு நானே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன்" என்றார். அப்புறம், கத்தரியைக் கீழே வைக்காமலே, "எடை இல்லன்னு மருந்தை நிறுத்திட்டா என்னடி பண்றது?" என்று கேட்டார்.

அவள் பால் காய்ச்சும் நேரமாயிற்று என்பதுபோல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.