ஃபில்டரில் ஊற்றிய அரைத் தம்ளர் ஆயில்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்று எனக்கு ஆறு வேன் ஓடுகிறது. ஆறும் நானே ஓடியாடி உண்டாக்கியது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு நோவைச் சொல்கிற பொம்பளை தக்கலைச் சுற்றுவட்டத்தில் வேறு யாராவது உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றைக்கும் தெளிவு கிடையாது. ஆயில் மாற்றும்போது புது ஃபில்டரில் ஆயிலை நிறைத்துவிட்டு மாட்ட வேண்டுமா, காலியாக மாட்ட வேண்டுமா? மகன் போனில் இரண்டு பேர் பேசுவதைக் காட்டினான். ஒருவன் நிறை என்கிறான், அடுத்தவன் நிறைக்காதே என்கிறான். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. எட்டு வயதிலும் அப்படித்தான் பட்டது.

அந்த வயதில் எனக்குக் காது குத்தியிருக்கவில்லை. குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. அவர் மஸ்கட்டில் ஏதோ ஒர்க்‌ஷாப்பில் வேலையாக இருந்தார். வேறு யார் மடியிலாவது இருத்திக் குத்தலாம் என்று அப்பா வீட்டார் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் நான் மூளிக் காதோடு வளர்ந்தேன். கூடப் படித்த பிள்ளைகள் தங்களுக்குள் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னை மட்டும் ‘ஏலே’ என்பார்கள், பயலைக் கூப்பிடுவதுபோல.

கடைசியில் மாமா லீவில் வந்தார். பேச்சிப்பாறை போகிற வழியில் உள்ள எங்கள் சாஸ்தா கோயிலில் காதுகுத்து என்று நாள் குறித்தாயிற்று. எல்லாரும் அப்பாவின் வேனில் போவதாக ஏற்பாடு. மேடு ஏற வேண்டிய வண்டி என்பதால் முந்தின நாள் மத்தியானம் அப்பா ஆயில் மாற்ற உட்கார்ந்தார். மாமாவும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட உட்கார்ந்தார். மாமாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அப்பாதான்.

பழைய ஆயில் சட்டியில் வடிந்து முடிகிற வரைக்கும் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். டப்பா மாதிரி இருந்த புது ஃபில்டரை அப்பா கையில் எடுத்ததும், அதில் முதலில் ஆயில் ஊற்றச் சொன்னார் மாமா. காலியாக மாட்டினால், ஃபில்டர் நிறைந்த பிறகுதான் பேரிங்குக்கு ஆயில் போகுமாம். அதுவரைக்கும் இரும்பும் இரும்பும் உரசுமாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஃபில்டரின் நடுவாயில் ஊற்றுவது வடிகட்டாத ஆயில், டின்னில் ஒரு தரி மண் கிடந்தால்கூட நேராக எஞ்சினுக்குள் போய்விடும் என்றார். எனக்கு மாமா பேசும்போது மாமா சரி, அப்பா பேசும்போது அப்பா சரி.

“அங்க நாங்க எல்லா வண்டிக்கும் நிறைச்சுதான் மாட்டுவோம் அத்தான்.”

“அது மணல்ல ஓடுக வண்டி. இது நம்ம ஊரு வண்டி.”

“மணல் பறக்க ஊர்லயே ஊத்துகோம். இங்க ஊத்துனா என்ன?”

அப்பாவுக்குக் கோபம் வந்தது. “எனக்கு எஞ்சின் படிச்சுத்தரதுக்காலே நீ மஸ்கட்டுக்குப் போன?” என்று கேட்டார்.

மாமா எழுந்துவிட்டார். காலி ஃபில்டர் மாட்டின வண்டியில் தான் ஏறப்போவதில்லை என்றார். ஊற்றி மாட்டினால் வண்டியைத் தான் எடுக்கப்போவதில்லை என்றார் அப்பா. மாமா டீக்கடைப் பக்கம் நடந்தார், அப்பா கிணற்றடிக்குப் போனார். அடுக்களை வாசலில் நின்ற அம்மா யாரையும் திட்டவில்லை. கிணற்றடியைப் பார்த்து, “ஃபில்டருக்க சண்டை ஃபில்டரோட நிக்கட்டு. பிள்ளைக்க காதுக்கு ஒரு மடி வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம்பியைத் தேடிப் போனாள்.

வேனுக்குப் பக்கத்தில் ஃபில்டரும் ஆயில் டின்னும் நானும்தான் மிச்சம். யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. நாளைக்கு மாமா வராவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் நான் பயல்தான் என்பது மட்டும் தெரிந்தது. யோசித்தேன். நிறைந்த ஃபில்டர் மாமா கட்சி. காலி ஃபில்டர் அப்பா கட்சி. பாதி ஊற்றிவிட்டால் இரண்டு பேருமே தோற்க மாட்டார்கள். பெரிய படிப்பு படித்தவர்களுக்கு இந்த யோசனை வந்திருக்குமா, சந்தேகம்தான். அடுக்களையில் இருந்து தம்ளரை எடுத்துவந்து, டின்னைச் சரித்து அரைத் தம்ளர் ஆயில் பிடித்து, ஃபில்டரின் நடுவாயில் ஊற்றினேன். விளிம்பில் வழிந்ததைப் பாவாடையால் துடைத்தேன். தம்ளரை வாழைமூட்டில் ஒளித்தேன்.

அம்மா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அப்பா கிணற்றடியில் இருந்து வந்து வண்டிக்கு அடியில் படுத்துக் கையை நீட்டி, “ஃபில்டர எடு மக்ளே” என்றார். நான் இரண்டு கையாலும் தூக்கினேன். அவர் தலையைத் திருப்பி ஃபில்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சரிக்காம குடு” என்றார். வாங்கி, மாட்டி முறுக்கினார். மாமா குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு கையைத் துடைக்க ஒரு துணியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

புது ஆயிலை விட்டு, அப்பா சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஆயில் வரவில்லை என்றால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு விரல் மடக்கி எண்ணினார். எஞ்சின் பிடித்தது. மூன்றாவது விரல் மடங்குவதற்குள் விளக்கு அணைந்தது.

“பாத்தியா? காலி ஃபில்டரு” என்றார் அப்பா.

மாமா விளக்கைப் பார்த்தார். என் பாவாடையைப் பார்த்தார். “சரிதான் அத்தான்” என்றார். “காலி ஃபில்டரே போதும்.”

இரண்டு ஆம்பிளைகளை ஒரு தம்ளரால் ஏமாற்றினேன் என்று ரொம்ப வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு சொந்தமாக வண்டி வாங்கி, நானே அடியில் படுத்து, ஆயில் ஊற்றின ஃபில்டரை முதல் தடவை கையில் வாங்கினேன். அந்த எடை எந்தக் கைக்கும் தெரியும். காலி ஃபில்டரைச் சரிக்காமல் கொடு என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டான். அப்படியென்றால் அப்பா எனக்காக மாட்டினாரா, மாமா சொன்னது சரி என்று மனதில் பட்டதாலா? மாமா ஏன் தோற்றார்? அப்பா இப்போது இல்லை. மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். “எந்த ஃபில்டரு?” என்றார்.

ஆயில் மாற்றின மறுநாள் கோயிலில் மாமா மடியில் இருந்தேன். தட்டார் கம்பியை இறக்கினபோது நான் மூச்சுக் காட்டவில்லை. முந்தின நாள் செய்த காரியத்தின் பெருமை வலியை அமர்த்திவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மாமா அப்பாவைப் பார்க்கிறார், அப்பா மாமாவைப் பார்க்கிறார், இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அழாததற்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அடுத்த காதையும் தைரியமாகக் காட்டினேன்.