இருபத்தாறாம் கேஜ் தகரம்

என் அண்ணன் ஞானதுரை ராஜபாளையத்தில் தகரக் கூரை போடும் மேஸ்திரி. மில்லும் சரக்குக் கிட்டங்கியும் வரிசையாக எழும்பிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவரைத் தேடி வராத வியாபாரி குறைவு. தகட்டின் ஓரத்தைப் பிடித்து உதறி, அந்தச் சத்தத்திலேயே கனத்தைச் சொல்லிவிடுவார். ஆணியைத் தகட்டு நெளிவரியின் மேட்டில்தான் அடிப்பார். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். அப்படிப்பட்டவர் மேல் ஒரு பொய் ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டில் நூல் வியாபாரி சேதுபதி புதுக் கிட்டங்கி கட்டினார். ஆடியில் மலைக்காற்று செண்பகத்தோப்புப் பக்கமிருந்து இறங்கி அடிக்கும் இடம் அது. இருபத்திரண்டாம் கேஜ் தகடு வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். சேதுபதி தாமே மதுரைக்குப் போய் இருபத்தாறாம் கேஜ் வாங்கி வந்தார். அன்று அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன தங்கை நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

"நீ இருபத்திரண்டுதாம்லே கேட்ட? நான் நாலு கூடவே வாங்கியாந்திருக்கேன், பாரு" என்றார் சேதுபதி.

தகரத்தில் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும், இதைத் திருப்பிக் கொடுங்கள் என்று அண்ணன் பணிவாகவே சொன்னார். முடியாதென்றால் அடியில் மரச்சட்டங்களை நெருக்கிப் போடவேண்டும், இந்த இடைவெளி தாங்காது என்றார். ஆட்கள் முன்னால் திருத்தியது சேதுபதிக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, எனக்கு எண்ணத் தெரியாதுங்கியா? இருபத்தாறு பெரிசா, இருபத்திரண்டு பெரிசா?"

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு எரிந்தது. அவர் விற்பது நூல். இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் மெல்லியது என்று மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும். அவர் கடை நூலைத்தான் நெசவுக்காரர்களுக்குத் தார்க்குழலில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சட்டங்களை நெருக்காமல் அந்தத் தகட்டையே ஏற்றினார். ஆறு ஆட்கள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். அதில் அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

அடுத்த ஆடியில் கூரையில் பாதி பிய்ந்து தெருவில் விழுந்தது. உள்ளே இருந்த நூல் பேல் கட்டுகள் நனைந்தன. மேஸ்திரிக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்று சேதுபதி ஊரெல்லாம் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். கொக்கி ஆணிகள் சட்டத்தில் அசையாமல் நின்றன. அவற்றைச் சுற்றியிருந்த தகடுதான் துணிபோலக் கிழிந்திருந்தது. அண்ணனுக்கு வந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

நூல் எடுக்கக் கடைக்குப் போனபோது, தளவாய்புரத்து நெசவுக்காரர் நாலைந்து பேரிடம் சேதுபதி அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர்கள் நடுவே போய் நின்றேன்.

"முதலாளி, கெட்டி ஜமுக்காளத்துக்கு நல்ல கனமான நூலு வேணும். எம்பதாம் நம்பர் குடுங்க" என்றேன்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? நம்பர் கூடுனா நூலு மெலியும்லா."

"தகரமும் அப்படித்தான் முதலாளி. எங்க அண்ணன் சொன்னதும் அதுதான்."

நெசவுக்காரர் செல்லக்கனி வாய்விட்டுச் சிரித்தார். சேதுபதி நூலைத் தராமல் என்னை அனுப்பிவிட்டார்.

நாலு நாள் கழித்து அவருடைய கணக்கப்பிள்ளை மலைச்சாமி வீட்டுக்கு வந்தார். முதலாளி இருபத்திரண்டு கேஜே வாங்கிவிட்டாராம், அண்ணன் வந்து ஏற்றித்தர வேண்டுமாம்.

"நாலு பேரு முன்னால சொன்னத, நாலு பேரு முன்னால தப்புன்னு சொல்லட்டும். பொறவு வாரேன்" என்றார் அண்ணன்.

சேதுபதி சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேறு மேஸ்திரி வந்து ஏற்றினார். அந்தக் கூரை நிற்பதையே சாட்சியாகக் காட்டி, பழைய மேஸ்திரி சரியில்லை என்று பேசினார் சேதுபதி. நெசவுக்காரர்கள் தங்கள் தறிக்கூடங்களுக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். அதில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. பெரிய கிட்டங்கி ஒன்றுகூட அதன்பின் அவர் கைக்கு வரவில்லை.

நாற்பத்தாறில் அண்ணன் இறந்தார். துட்டி கேட்க சேதுபதியும் வந்தார். என் பக்கம் குனிந்து, "நல்ல வேலைக்காரன், தாயி" என்று முணுமுணுத்தார்.

"தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.