இடம் பிடித்த அம்பாசிடர்

அதிராம்பட்டினத்தில் லத்தீஃபாவுக்கு ஒரு கார் இருந்தது. அதை ஓட்ட அவளுக்குத் தெரியாது. ஓட்டத் தெரிந்த அவள் கணவன் அப்துல் அஜீஸ் ஷார்ஜாவில் கட்டடச் சாமான் கடை ஒன்றில் மேலாளராக இருந்தான். ஒரு விடுமுறையில் வந்தவன் பழைய வெள்ளை அம்பாசிடர் ஒன்றை வாங்கினான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போய், நல்ல காப்பி குடித்துவிட்டு, குத்துப்போணி என்கிற பித்தளைப் பாத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினான். அதோடு அவன் லீவு முடிந்துவிட்டது. காரின் உழைப்பும் முடிந்துவிட்டது.

புறப்படுமுன் காருக்குப் பாட்டுப்பெட்டி ஒன்றும், திருடன் தொட்டால் அலறும் அலாரம் ஒன்றும் பொருத்தினான். அலாரத்தின் சிவப்பு விளக்கு இரவும் பகலும் மினுங்கிக்கொண்டிருந்தது. நகராத காரைத் திருட வருகிறவனை நினைத்து அஜீஸ் ஷார்ஜாவில் நிம்மதியாகத் தூங்கினான்.

கார் நின்ற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லத்தீஃபாவின் வீடு, ஊர் வழக்கப்படி, கல்யாணத்தின்போது அவள் வாப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. பக்கத்து வீடு மீரா சாகிபுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் அகலத்துக்கு ஒரு காலி இடம் இருந்தது. லத்தீஃபாவின் பத்திரத்தில் "கிழக்கே மீரா சாகிப் வகையறா மனை" என்று இருந்தது. மீரா சாகிபின் பத்திரத்தில் "மேற்கே லத்தீஃபாவின் தகப்பனார் மனை" என்று இருந்தது. நடுவில் இருந்த இடம் இரண்டு பத்திரத்திலும் இல்லை. ஆகவே அது தன்னுடையதுதான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

மீரா சாகிப் வார்டு அளவில் பெரிய மனிதர். அந்த இடத்தின் தெருமுனையில் அவர் ஒரு கட்சிக் கொடிக்கம்பம் நட்டிருந்தார். கறுப்பும் சிவப்பும். கம்பத்தைத் தொட்டால் கட்சியைத் தொட்டதாகும். கட்சியைத் தொட்டால் ஆட்சியைத் தொட்டதாகும். தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த வருஷங்களில் வயலைப் பிளாட் போடுகிறவர்களும், கோயில் குத்தகையை விழுங்குகிறவர்களும், பட்டா வாங்கப் படியேறுகிறவர்களுமாக மண் முழுக்கத் தகராறாகக் கிடந்தது. அந்தப் பெரிய வெள்ளத்தில் இது ஒரு சிறங்கைத் தண்ணீர்.

லத்தீஃபா வழக்குப் போடப் பட்டுக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"இடம் யார் அனுபவத்துல இருக்குங்கறதுதாம்மா முக்கியம். அந்த கார் அங்கயே நிக்கட்டும். ஆனா உயிரோட நிக்கணும். செத்த கார் நின்னா, பழைய இரும்பைக் கொண்டாந்து கொட்டியிருக்காங்கன்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க. கோர்ட்ல ஒரு வக்கீலைக் கமிஷனரா போட்டு இடத்தைப் பார்க்க அனுப்புவாங்க. அவர் எதிர்ல ஸ்டார்ட் ஆகணும்."

"எப்ப வருவாருங்க?"

"அது அவருக்கே தெரியாதும்மா."

இப்படித்தான் நாலு பிள்ளைகளையும் ஒரு சர்க்கரை நோய் மாமியாரையும் கவனித்துக்கொண்டிருந்த லத்தீஃபா, ஒரு பேட்டரியையும் கவனிக்க வேண்டியவள் ஆனாள்.

முதலில் அவள் சாவியைத் திருகக் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பாள். தெருவே புகைந்தது. ஆனால் ஸ்டார்ட் செய்ய உறிஞ்சிய சக்தியைக்கூட அந்தக் கொஞ்ச நேர உறுமல் பேட்டரிக்குத் திருப்பித் தரவில்லை. மிச்சத்தைச் சிவப்பு விளக்கு குடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை கார் "டொக்" என்று ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. மீரா சாகிப் தம் வாசலில் நின்று, யாரிடமோ பேசுவதுபோல உரக்கச் சொன்னார்: "பேரீச்சம்பழக்காரன் வந்தா இந்தப் பக்கம் அனுப்புப்பா."

பேட்டரிக் கம்பி ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டால் போதும் என்று யாரோ சொன்னார்கள். நல்ல யோசனைதான். வக்கீல் ஒப்பவில்லை. "கமிஷனர் நிக்கும்போது ஸ்பேனரைத் தேடுவீங்களாம்மா?" அஜீஸும் ஒப்பவில்லை. "அலாரம் வேலை செய்யாதே!" என்று ஷார்ஜாவிலிருந்து பதறினான்.

பட்டுக்கோட்டை ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர் மருதையன். எதையும் சந்தேகமில்லாமல் சொல்லுகிற மனிதர். அவர் ஆட்டுக்கல் கனத்துக்கு ஒரு சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்து, சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்து மாட்டிவிட்டார்.

"மாட்டிவிட்டா மறந்துடலாங்க" என்றார் மருதையன்.

லத்தீஃபா மறந்தாள். மல்லிப்பட்டினத்தில் ஒரு நிக்காஹுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பினாள். காரின் முன்பக்கத்திலிருந்து கூமுட்டை நாற்றம் வந்தது. பேட்டரி புடைத்து, மூடிகளின் ஓரம் ஆசிட் கொதித்து வழிந்திருந்தது. நிறைந்த பிறகும் அந்தச் சார்ஜர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மருதையன் வந்து பார்த்து, துளியும் கலங்காமல் சொன்னார்:

"ஃபுல் ஆனதும் நிறுத்திருக்கணும்ல நீங்க?"

"மறந்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மாட்டுனதைத்தான் மறக்கச் சொன்னேன். நிறுத்தறதை இல்லீங்க."

புதுப் பேட்டரி வந்தது. அஜீஸ் இந்தத் தடவை தானே களத்தில் இறங்கினான். ஷார்ஜாக் கடைத்தெருவெல்லாம் அலசி, நிறைந்ததும் தானே குறைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக மட்டும் ஊட்டிப் பேட்டரியை மாதக்கணக்கில் காப்பாற்றுகிற ஒரு பெட்டியை ஆள் மூலம் அனுப்பினான். நீல வெளிச்சத்தில் திரை, நாலு பொத்தான்கள். பேட்டரி என்ன வகை, வெயிலா குளிரா என்றெல்லாம் அது கேட்டது. அதன் தடித்த சதுர முனைப் பிளக் அதிராம்பட்டினத்தின் எந்தச் சுவரிலும் நுழையவில்லை. அதற்கு லத்தீஃபா ஓர் அடாப்டர் வாங்கினாள். பெட்டி வேலை செய்தது. லத்தீஃபா நன்றி சொல்லி ஷுக்ரு தொழாத குறை.

பிறகு கரண்ட் போனது.

அந்த வருஷங்களில் கரண்ட் போவது செய்தி அல்ல; வருவதுதான் செய்தி. முந்தின ஆட்சி வீடு தவறாமல் இலவச டிவி கொடுத்திருந்தது. அடுத்து வந்த ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுக்கத் தொடங்கியது. இவற்றை எல்லாம் ஓட்டுகிற அந்த ஒன்றை மட்டும் இலவசமாகவோ விலைக்கோ யாராலும் கொடுக்க முடியவில்லை. அஜீஸ் அனுப்பிய அறிவாளிப் பெட்டியோ, ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதல் கேள்வியில் வந்து நின்றது. யாராவது பொத்தானை அழுத்தினால்தான் மேலே நகரும். கரண்ட் வந்தால் தெருவில் மற்ற பெண்கள் மாவாட்ட ஓடினார்கள், மோட்டார் போட ஓடினார்கள். லத்தீஃபா காரிடம் ஓடினாள்.

"அந்தப் பெட்டி எப்படி?" என்று அஜீஸ் போனில் கேட்டான்.

"உங்களை மாதிரியேதான். விலை ஜாஸ்தி, பக்கத்துலயே ஆள் நிக்கணும்."

ஆட்சி மாறியதில் மீரா சாகிபுக்குச் செலவு அதிகம் இல்லை. கம்பத்தில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை தீட்டினார். வேட்டிக் கரையிலும் அப்படியே. நில அபகரிப்பைப் பிடிக்கப் போலீசில் தனிப் பிரிவே வந்திருந்த நேரம் அது. அந்தப் பிரிவு வந்ததில் தமக்கு மிகவும் சந்தோஷம் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

லத்தீஃபா மறுபடி மருதையன் கடைக்குப் போனாள். இந்தத் தடவை அவர் எடுத்து வைத்த பெட்டிகளின் நிறத்தையோ விளக்கையோ அவள் பார்க்கவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள்.

"நெறைஞ்சா தானா கொறைச்சுக்குமா?"

"குறைச்சுக்கும்."

"கரண்ட் போயிட்டு வந்தா, யாரும் தொடாம தானா திரும்ப ஓடுமா?"

மருதையனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது வந்து… இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். கடைசியில் சென்னைக்குப் போன் போட்டு ஒன்றை வரவழைத்தார். சோப்புப் பெட்டி அளவு. திரை இல்லை, பொத்தான் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பாஷை. சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும், கறுப்புக் கிளிப்பை எஞ்சினின் வெறும் இரும்பிலும் லத்தீஃபா தன் கையாலேயே மாட்டினாள். பெட்டி நனையாமல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்தாள். அவ்வப்போது பேட்டரியின் மூடிகளைத் திறந்து, குறைந்திருந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினாள். கரண்ட் போனது, வந்தது. பெட்டி யாரையும் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்த வீட்டில் அவளைக் கூப்பிடாமல் தன் வேலையைச் செய்த முதல் ஜீவன் அதுதான். சில நாள் சமையலறையிலிருந்தபடியே அந்தப் பச்சை விளக்கை எட்டிப் பார்ப்பாள். பார்த்தால் மனசு ஆறும்.

கமிஷனர் ஒரு முற்பகலில் வந்தார். இளம் வக்கீல், குடையும் கையுமாக, கூடவே ஒரு சர்வேயர். அவரைப் பார்த்ததும் தெரு முழுக்கக் கூடிவிட்டது. பேட்டரி விற்ற உரிமையில் மருதையனும் வந்திருந்தார்.

"இந்தக் கார் உபயோகத்துல இருக்கா?" என்று கமிஷனர் கேட்டார்.

லத்தீஃபா கூடையைத் தூக்கினாள், கிளிப்புகளைக் கழற்றினாள், முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு உள்ளே உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினாள். அம்பாசிடர் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் ஹாரனையும் அடித்தாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

மீரா சாகிப் சும்மா இருப்பாரா? "சத்தம் போட்டாப் போதுமா சார்? மாவு மிஷின்கூடத்தான் சத்தம் போடுது. ஓட்டிக் காட்டச் சொல்லுங்க!"

நியாயம்தான். லத்தீஃபா இறங்க, மருதையன் ஏறினார். கியர் போட்டார். கார் முனகியது, குலுங்கியது, ஒரு அங்குலம்கூட நகரவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: நாலு டயரும் காற்றிறங்கி, வெடித்து, மண்ணோடு மண்ணாக அமிழ்ந்திருந்தன. இத்தனை வருஷமும் எல்லோரும் பேட்டரியைப் பார்த்தார்களே தவிர, டயர் என்று ஒன்று இருப்பது யார் நினைவுக்கும் வரவில்லை, ஷார்ஜாவிலும் வரவில்லை.

"எஞ்சின் ஓடுகிறது, கார் ஓடவில்லை" என்று கமிஷனர் எழுதிக்கொண்டார். பிறகு சர்வேயர் சங்கிலியைப் போட்டு அளந்தார். பழைய வரைபடத்தை விரித்து, இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ரெண்டு பேர் இடமும் இல்லைங்க. கிளை வாய்க்கால். புறம்போக்கு."

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. தண்ணீர் வராத வருஷங்களில் வாய்க்கால் தூர்ந்து மேடாகி, மேட்டை எல்லோரும் மனை என்று நினைத்துவிட்டார்கள். மீரா சாகிப் சர்வேயரை முறைத்தார். சர்வேயர் வரைபடத்தை மடித்தார்.

அடுத்த கோடையில் தூர்வார ஜேசிபி வந்தது. கொடிக்கம்பத்தை முதலில் பிடுங்கிப் போட்டது. எந்த ஆட்சியும் அதற்காகக் கவிழவில்லை. பிறகு அம்பாசிடருக்குச் சங்கிலி கட்டித் தெருவுக்கு இழுத்தது. இழுபடும்போதும் அலாரம் கம்பீரமாக அலறியது. லத்தீஃபா வாசலில் நின்று பார்த்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானங்கள் இனித் தன்னுடையவை என்பதுதான் முதலில் தோன்றியது.

அஜீஸ் லீவில் வந்து புது டயர்கள் மாட்டி, காரை விற்றான். வாங்கியவர் திருக்கடையூர் காயாரோகணம். அறுபதாம் கல்யாணத் தம்பதிகளைப் பூ அலங்காரம் செய்த காரில் கோயிலுக்கு அழைத்துப் போவது அவர் தொழில். சாவியைத் திருகியதும் பிடித்ததில் அசந்துபோனார்.

"இத்தனை வருஷம் நின்ன வண்டியாம்மா இது? அந்தச் சார்ஜரையும் சேத்துக் குடுத்துடுங்களேன்."

"அதை மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

கொடுக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. மீரா சாகிப் உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். ஊர்வலமும் இல்லை, வரவேற்பும் இல்லை. ஊர்வலத்துக்கென்று அவர் வைத்திருந்த ஜீப், ஷெட்டிலேயே கிடந்து பேட்டரி செத்துவிட்டது. முந்தின வாரம் அவர் வாய்க்காலின் அந்தக் கரையில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி… அந்தப் பச்சை விளக்குப் பெட்டி கொஞ்ச நாளைக்குக் கெடைக்குமா?"

லத்தீஃபா பெட்டியைத் துடைத்து எடுத்து வந்தாள். வாய்க்காலில் அன்றைக்குக் கணுக்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து வாங்கினார்.

"செவப்புக் கிளிப்பு பிளஸ்ல, காக்கா. கறுப்பை எஞ்சின் இரும்புல போடுங்க. மாத்திப் போட்டா வெடிச்சுடும்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிக் கொடுத்தவள், அவர் திரும்பிக் கரையேறும்போது கூப்பிட்டுச் சொன்னாள்: "அப்பறம், டயருக்கும் காத்தடிங்க."